முதியவருக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தினால்: காரணங்களைப் பிரித்தறியவும் உடனே செயல்படவும் ஒரு வழிகாட்டி

65 வயதைக் கடந்த ஒருவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் சுருக்கென்று குத்துகிறது என்று சொன்னால், நம் வீடுகளில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். அடுத்து ஓமத் தண்ணீர் வரும், ஜெலுசில் வரும், முதுகை நீவிவிட ஒருவர் வருவார். வலி உண்மையிலேயே அசீரணத்தால் வந்ததாக இருந்தால் இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மாரடைப்பாலோ நுரையீரலில் போய் அடைத்த இரத்தக்கட்டியாலோ வந்ததாக இருந்தால், அப்படிக் கழிந்த ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம். எனவே இந்த வழிகாட்டி ஒரு வரிசையை விடாமல் வலியுறுத்துகிறது: உயிரைப் பறிக்கக்கூடிய காரணங்களை முதலில் விலக்க வேண்டும், வாயு, சதைப்பிடிப்பு என்ற முடிவுகளுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போதே கிளம்ப வேண்டுமா, காலையில் மருத்துவரைப் பார்த்தால் போதுமா என்ற ஒரே முடிவைச் சரியாக எடுத்தால் போதும். கீழே சொல்லப்படும் காரணங்கள் அனைத்தும் அந்த முடிவுக்கு உதவுவதற்காகவும், மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவும்தான்.

முதல் பத்து நிமிடம்

வலி தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் எல்லோரும் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். "கொஞ்ச நேரம் முன்னாடி" என்ற பதில் யாருக்கும் பயன்படாது. பிறகு முகத்தைப் பாருங்கள். நெற்றியிலும் கழுத்திலும் குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல், குமட்டல் அல்லது வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம், வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். இலங்கையில் இருப்போர் 1990 சுவசெரிய சேவையை அழைக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும், இதற்கு முன் வந்திராத நெஞ்சுவலி பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அதுவே அழைப்பதற்குப் போதுமான காரணம்.

வண்டி வரும்வரை அவரை முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்த நிலையில் உட்கார வையுங்கள். மூச்சு வாங்குபவரை வற்புறுத்திப் படுக்க வைக்கக் கூடாது. மயங்கிச் சரிபவரை மட்டும் கிடத்திக் காலைச் சற்று உயர்த்தலாம். கழிப்பறைக்கு நடந்து போகவோ, மாடிப்படி இறங்கவோ விட வேண்டாம். மாடி வீடு என்றால் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்குவதே சரி. இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வழியில் நினைவு தப்பினால் அந்த நிலையில் எந்த முதலுதவியும் செய்ய முடியாது.

மாரடைப்பு என்று சந்தேகம் இருந்தால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முதலுதவி. ஆயினும் ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர், வயிற்றுப்புண்ணால் இரத்தம் கசிந்தவர், அண்மையில் மூளையில் இரத்தக்கசிவு கண்டவர், இரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்கு 108 பணியாளரையோ மருத்துவரையோ தொலைபேசியில் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வலி முதுகைக் கிழிப்பது போல இருந்தாலும் கொடுக்கக் கூடாது. அதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

இதய வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கி வைக்கும் மருந்து அல்ல அது. மருத்துவர் அந்த முதியவருக்கே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், அவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மாத்திரை கொடுக்கலாம். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகையான டாடலாபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் இதைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். இந்த மருந்துகளைப் பற்றிப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குவார்கள் என்பது ஒருபுறம் இருக்க, டாடலாபில் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும் தினசரி மாத்திரையாகத் தரப்படுகிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. மருந்துச் சீட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தியை நம்பி யாரையும் இருமச் சொல்ல வேண்டாம். அவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் செய்ய வேண்டியது வேறு. தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு இப்படி அழுத்தும்போது விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். அதற்காக நிறுத்தக் கூடாது; எலும்பு பிறகு கூடிக்கொள்ளும்.

குத்துகிற வலியும் மாரடைப்பாக இருக்கலாம்

மாரடைப்பு என்றால் நெஞ்சின் நடுவில் பாரத்தை ஏற்றி வைத்தது போல இறுக்கிப் பிசையும், ஊசியால் குத்துவது போன்ற வலி இதயத்தால் வருவதில்லை என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். பொதுவாக அது உண்மைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் 75 வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் ஆகியோரிடம் அந்த விதி அடிக்கடி பொய்த்துப்போகிறது. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்தால் இதயத்திலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் பழுதாகிவிடுகின்றன. அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வந்து, திடீர் மூச்சுத்திணறலாகவோ காரணம் தெரியாத சோர்வாகவோ மட்டும் தென்படலாம். இன்னும் முதிர்ந்த வயதில், "அம்மா காலையிலிருந்து ஏதோ மாதிரி பேசுறாங்க" என்ற குழப்பமே முதல் அறிகுறியாக அமைவதும் உண்டு.

வாயுவோடு மாரடைப்பைக் குழப்பிக்கொள்வதற்கு உடற்கூற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே வயிறு. அடிச்சுவருக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டால், வலி மேல்வயிற்றில் தோன்றி, குமட்டலும் வாந்தியும் ஏப்பமும் சேர்ந்து வரும். ஏப்பம் விட்டவுடன் சற்று இலேசானது போலவும் தோன்றும். ஆகவே ஏப்பம் வந்ததையும், ஜெலுசில் குடித்தபின் வலி குறைந்ததையும் இதயத்தில் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு நேர் எதிரான பிழையும் நடக்கிறது. உணவுக்குழாய் இறுகிப் பிடிப்பதால் வரும் வலி சார்பிட்ரேட் வைத்தாலும் குறையும். அதனால் மாத்திரைக்கு அடங்கியது என்பதற்காக அது இதய வலிதான் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும்தான்.

நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கும் வலி, இதயத்துக்குப் போகும் இரத்தம் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. முன்பு நான்கு தெரு நடந்தால் வந்த வலி இப்போது வாசல்வரை போனாலே வருகிறது என்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது என்றாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயத்தின் வால்வு சுருங்கிக் கெட்டிப்படுவதும் முதுமையில் இதே போன்ற வலியைத் தரும். கூடவே நடக்கும்போது கண் இருண்டு மயக்கம் வரும். இரத்தசோகை இருந்தால் இந்த வலிகள் எல்லாம் இன்னும் எளிதாக எட்டிப்பார்க்கும். துணையை இழந்த சில மணி நேரத்தில் மூதாட்டி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதை அழுகையின் மிகுதி என்று விட்டுவிடக் கூடாது. பேரதிர்ச்சியால் இதயத் தசை தற்காலிகமாகச் செயலிழக்கும் நிலை ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடமே அது மிகுதியாகக் காணப்படுகிறது, இ.சி.ஜி.யில் மாரடைப்பைப் போலவே தெரியும்.

கிழியும் குழாயும் நகரும் கட்டியும்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு இடையே இரத்தம் புகுவது அரிதாக நடப்பது. ஆனால் நெஞ்சுவலிக் காரணங்களில் மிக விரைந்து கொல்பவற்றுள் இதுவும் ஒன்று. நீண்ட நாள் இரத்தக்கொதிப்பைக் கட்டுப்படுத்தாமல் விட்டவர்களுக்கு இது வரும். மாரடைப்பு வலி பல நிமிடங்களில் மெல்லக் கூடிக்கொண்டே போகும்; இந்த வலி தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். மார்பில் தொடங்கி இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகைக் கிழித்துக்கொண்டு இறங்குவது போல இருக்கும். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்து, இரண்டு கைகளிலும் பார்த்தபோது மேல் எண்ணில் 20-க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் சந்தேகம் வலுப்படும். அதற்காக அளந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்த நிலையில் ஆஸ்பிரினோ, கட்டியைக் கரைக்கும் ஊசியோ இரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்பதால்தான், வலி எப்படித் தொடங்கியது என்பதையும் முதுகுக்குப் போனதா என்பதையும் மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

நுரையீரல் இரத்தக்குழாயில் கட்டி அடைப்பது முதியவர்களிடம் எளிதில் தவறவிடப்படுகிறது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், நீண்ட பயணம் முடித்தவர் ஆகியோருக்குக் காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடுகிறது. மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கம் கூர்மையாகக் குத்தும், திடீரென மூச்சு வாங்கும், நாடித்துடிப்பு ஓடும், சில வேளைகளில் சளியில் இரத்தம் தெரியும். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால் அது முக்கியமான தடயம். அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. கட்டி கழல்வதற்கு நாமே வழி செய்வதாகிவிடும். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து சில வாரங்களில் இப்படி நேர்ந்தால், "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சதே" என்று ஆறுதல் கொள்ளாமல் உடனே கிளம்ப வேண்டும்.

மூச்சை இழுத்தால் குத்தும் வலி

நுரையீரலுக்கு வலி உணர்வு கிடையாது. அதை மூடியிருக்கும் உறைக்கு உண்டு. அந்த உறை அழற்சி கண்டால் மூச்சு, இருமல், தும்மல் ஒவ்வொன்றும் கத்தி போலக் குத்தும். இதற்கு முதியவர்களிடம் பொதுவான காரணம் நிமோனியா. இளைஞருக்கு வரும் நிமோனியாவில் கடும் காய்ச்சல் அடிக்கும். 80 வயதுக்காரருக்குக் காய்ச்சலே இல்லாமல், சாப்பாட்டில் விருப்பமின்மையும் தூக்கக்கலக்கமும் குழப்பமும் மட்டும் இருக்கலாம். ஆகவே வெப்பமானியை மட்டும் நம்பாமல் மூச்சை எண்ணிப் பாருங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும்; நாடி பிடித்துப் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டால் அது அவசர நிலை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் அளவி இன்னும் அலமாரியில் இருந்தால் எடுத்து விரலில் மாட்டுங்கள். வழக்கமாக 97, 98 காட்டுபவருக்கு 94-க்குக் கீழே இறங்கினாலே மருத்துவரை அழைக்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருதாணிச் சிவப்பும் நகச்சாயமும் குளிர்ந்த விரலும் அளவைப் பிசகச் செய்யக்கூடும் என்பதால் இன்னொரு விரலிலும் பார்த்துவிடுங்கள். கருவி சரியாகக் காட்டி, ஆள் சரியாக இல்லையென்றால் ஆளை நம்புங்கள்.

மாலையில் இலேசான காய்ச்சல், எடை குறைதல், வாரக்கணக்கில் இருமல் ஆகியவற்றோடு ஒரு பக்க வலி இருந்தால் காசநோயால் நுரையீரல் உறையில் நீர் சேர்ந்திருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்களுக்கும், பல்லாண்டு பீடி, சிகரெட் புகைத்து நுரையீரல் தளர்ந்தவர்களுக்கும் வேறொரு ஆபத்து உண்டு. நுரையீரலின் மேற்பரப்பில் உள்ள பலவீனமான குமிழி உடைந்து, காற்று வெளியேறி, நுரையீரல் சுருங்கிவிடலாம். ஒரு பலத்த இருமலுக்குப் பின் ஒரே பக்கத்தில் திடீரெனக் குத்தி, மூச்சு முட்டத் தொடங்கினால் இதை நினைக்க வேண்டும். ஏற்கெனவே பாதி வேலை செய்யும் நுரையீரல் என்பதால் இவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை.

இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டாலும் கூர்மையான வலி வரும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும் என்பது அதன் அடையாளம். மாரடைப்பு வந்து சில நாட்களிலோ வாரங்களிலோ, அல்லது சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கோ இது வரக்கூடும்.

வயிற்றிலிருந்து மேலே ஏறும் வலி

வாயு என்ற பெயரில் நாம் அடக்கிவைத்திருக்கும் வலிகளில் உண்மையில் பல நோய்கள் உள்ளன. உணவுக்குப் பின், குறிப்பாகப் படுத்தவுடன், நெஞ்சு கரித்து, புளித்த ஏப்பமும் எதுக்களிப்பும் வந்தால் அமிலம் மேலேறுகிறது என்று கொள்ளலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துவதும் பலருக்கு மாத்திரை இல்லாமலேயே பலன் தரும்.

முதியவர்களிடம் அடிக்கடி கவனிக்காமல் விடப்படும் ஒன்று மாத்திரையால் வரும் உணவுக்குழாய்ப் புண். ஒரு மடக்குத் தண்ணீரில் நான்கு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு உடனே படுத்தால், அவற்றில் ஒன்று உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு கரையும். எலும்பு மெலிவுக்கு வாரம் ஒருமுறை தரப்படும் அலெண்ட்ரோனேட், நோய்த்தொற்றுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின், மூட்டுவலி மாத்திரைகள் ஆகியவை இப்படிப் புண்ணாக்குவதில் முன்னிற்பவை. விழுங்கும்போதெல்லாம் நெஞ்சின் நடுவில் ஓரிடத்தில் சுருக்கென்று வலிக்கிறது என்றால் கடந்த சில நாட்களில் எடுத்த மாத்திரைகளைக் கணக்குப் பாருங்கள். அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பின் வலது விலாவுக்கு அடியில் தொடங்கி வலத் தோள்பட்டைக்குப் போகும் வலி பித்தப்பைக் கல்லைக் காட்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் வலி கணையத்தினுடையதாக இருக்கலாம். மூட்டுவலிக்கு நாள்தோறும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுபவருக்குத் திடீரெனக் கடும் வலி வந்து, வயிறு பலகை போல இறுகினால், புண் துளைத்துவிட்டது என்று பொருள். அது அறுவை சிகிச்சைக்கு உரியது. விடாமல் வாந்தி எடுத்த உடனே நெஞ்சில் தாங்க முடியாத வலி வந்தால் உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம். அரிதானது என்றாலும் அதுவும் அவசரம்தான்.

எலும்பு, தசை, அக்கி

விலா எலும்பும் மார்பெலும்பும் சேரும் குருத்தெலும்பில் அழற்சி ஏற்பட்டால், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி இருக்கும். அழுத்தினால் அதே வலி திரும்பும். கையைத் தூக்கினாலோ திரும்பிப் படுத்தாலோ கூடும். வீட்டில் மூச்சுப்பிடிப்பு என்று சொல்லும் வலிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒத்தடமும் ஓய்வும் சில நாட்களில் சரிசெய்யும். ஆனால் அழுத்தினால் வலிப்பதாலேயே இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. மாரடைப்பு வந்தவரின் நெஞ்சை அழுத்தினாலும் சில வேளைகளில் வலிக்கும். ஆகவே முதல்முறை வரும்போது ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சதைவலி என்று நிம்மதியடையலாம்.

எலும்பு மெலிந்தவருக்கு விலா முறிய விபத்து வேண்டியதில்லை. குளியலறையில் மெல்லச் சரிந்து விழுந்ததும், இரண்டு வாரம் விடாமல் இருமியதும் போதும். முதுகெலும்பின் கண்ணி ஒன்று நசுங்கினால் வலி முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி முன்புறம் வந்து நெஞ்சுவலி போலத் தோன்றும். இவர்களைச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துப்போவதை நான் முற்றாக மறுக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தி எண்ணெய் வழிப்பதில் விரிசல் கண்ட எலும்பு முழுதாக முறியக்கூடும். இரவில் படுத்தாலும் ஓயாத எலும்பு வலியும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால், எலும்புக்குப் பரவிய புற்றுநோயா என்றும் பார்க்க வேண்டும்.

அக்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்காக எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் தெரியாமல் திரும்பும் முதியவர்களில் சிலருக்கு விடை அதுதான். சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஏதேனும் ஒரு நரம்பின் வழியே வெளிவருகிறது. மார்பைச் சுற்றும் நரம்பு என்றால், முதுகின் ஒரு பக்கத்திலிருந்து நெஞ்சின் நடுக்கோடு வரை ஒரு பட்டை போல எரிச்சலும் குத்தலும் வரும். தோலில் எதுவும் தெரியாமல் இரண்டு மூன்று நாள் வலி மட்டும் இருக்கும். சட்டைத் துணி உரசினாலே சுள்ளென்று இருக்கிறது என்று அவர் சொன்னால், நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றி முதுகுவரை பாருங்கள். சிவந்த திட்டும் அதன்மேல் கொத்தாக நீர்க்கொப்புளமும் ஒரே பக்கத்தில் தோன்றினால் அது அக்கி.

கிராமங்களில் குயவரிடம் சென்று, காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்க உருவம் எழுதிவரும் பழக்கம் உண்டு. காவியின் குளிர்ச்சி எரிச்சலைச் சற்று ஆற்றலாம். வைரஸை அது தடுக்காது, உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன் உண்டு. எனவே எழுதத்தான் வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தால், முதலில் மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிடச் செய்யுங்கள். நாள் தவறினால் கொப்புளம் ஆறிய பின்னும் அதே இடத்தில் மாதக்கணக்கில் நரம்புவலி நின்றுவிடும் வாய்ப்பு கூடுகிறது. வயது ஏற ஏற அந்த வாய்ப்பும் ஏறும். கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகும்வரை, சின்னம்மை வந்திராத குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விட வேண்டாம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி இருக்கிறது. விலை அதிகம் என்றாலும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கத் தக்கது.

மனப்பதற்றத்தாலும் நெஞ்சு குத்தும், படபடக்கும். ஆனால் 70 வயதில் முதன்முறையாக வரும் நெஞ்சுவலிக்கு அந்தப் பெயரைச் சூட்டும் உரிமை, மற்றவற்றையெல்லாம் பார்த்து விலக்கிய மருத்துவருக்கு மட்டுமே உண்டு.

மருத்துவமனையில் எதிர்பார்க்க வேண்டியவை

நெஞ்சுவலி என்று சொல்லி உள்ளே நுழைந்தால் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். பதிவுச்சீட்டு வரிசையில் நின்றுகொண்டிருக்காமல், அவசரப் பிரிவின் செவிலியரிடம் நேரே போய், "வயதானவருக்கு நெஞ்சுவலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. குழாய் முழுவதும் அடைபட்ட மாரடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை. அடைப்பைப் பலூனால் விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச்சேர முடியுமானால் அதுவே மேல்.

முதல் இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்றவுடன் கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பின் தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கலாம்; வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடுவதற்கும் சில மணி நேரம் ஆகும் என்பதால், அந்தப் பரிசோதனையை இரண்டாம் முறையும் செய்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த அளவு எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டு அளவுகளுக்கும் இடையே ஏற்றமோ இறக்கமோ இருக்கிறதா என்பதே பார்க்கப்படும். காசைப் பிடுங்க ஒரே டெஸ்டை இரண்டு தடவை எடுக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுவதுண்டு. இந்த ஒரு பரிசோதனையைப் பொறுத்தவரை அந்தக் கோபம் நியாயமற்றது. இரத்தக்கட்டியோ பெருந்தமனிக் கிழிவோ சந்தேகிக்கப்பட்டால் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் மாத்திரை எடுக்கிறாரா என்பது, முன்பு சாயத்தால் ஒவ்வாமை வந்ததா என்பது ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் உதவுவது, வீட்டில் முன்கூட்டியே தயாராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. தற்போது எடுக்கும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை விவரம், கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனை, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, பழைய இ.சி.ஜி.யின் நகல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பழைய இ.சி.ஜி. வெறும் காகிதம் அல்ல. முதியவர்கள் பலருக்கு இ.சி.ஜி.யில் ஏதேனும் மாற்றம் நிரந்தரமாகவே இருக்கும். அது பழையதா, இன்று புதிதாக வந்ததா என்பதை நகல் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வெப்பத்தால் அச்சாகும் தாள் என்பதால் சில ஆண்டுகளில் கோடுகள் மங்கிவிடும். இன்றே கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்று ஆபத்து ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினால், எந்தக் காரணம் என்று மருத்துவர் கருதுகிறார், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் சோதனையோ இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவோ எப்போது எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு வலி வந்த நேரம், அப்போது அவர் செய்துகொண்டிருந்த வேலை, நீடித்த நிமிடங்கள், எதனால் அடங்கியது ஆகியவற்றைச் சமையலறை நாட்காட்டியிலேயே குறித்துவந்தால் போதும். மறுமுறை போகும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துச் செல்லலாம்.